ஞாயிற்றுக்கிழமை நளன்!

நளபாகம் என்கிறோம், நாவூறச் சொல்கிறோம். பீமபாகம் என்கிறோம், பெருமை பொங்கச் சொல்கிறோம். தமயந்தி பாகம் என்று எவரேனும் சொல்லக் கேட்டதுண்டா? நாள்தோறும் உலை வைத்தவள், ஊதுகுழல் பிடித்தவள், புகையிலே கண் கலங்கியவள் பெண். பாகத்துக்குப் பட்டயம் பெற்றவனோ ஆண்! திரௌபதிக்குக் கதை கட்டியோர் கொடுத்தது கைப்பக்குவத்தின் புகழ் அன்று. ஓர் அட்சய பாத்திரம். அந்தப் பாத்திரத்துக்கும் ஒரு நிபந்தனை உண்டு. அவள் உண்டு முடித்துவிட்டால் அன்றைக்கு அது வற்றிவிடும். ஆகவே அனைவரும் உண்டு எழுந்தபின், கடைசியில்தான் அவள் உண்ணவேண்டும். கற்பனையிலே கூட, கண்கட்டு வித்தையிலே கூட, பெண்ணுக்கு முதல் பந்தி இல்லை!

பழங்கதை, போகட்டும் என்பீர்கள். போகவில்லை, தோழர்களே! உடையை மாற்றிக்கொண்டு அது நம் வீட்டு மொட்டை மாடிக்கே வந்து நிற்கிறது.

ஞாயிறு மாலை. சென்னையிலோ கோவையிலோ ஓர் இளம் இணையர். இருவரும் படித்தவர், இருவரும் பணிக்குச் செல்பவர், இருவரும் மாதம் பிறந்தால் ஊதியம் பெறுபவர். வாரமெல்லாம் ஓடிக் களைத்தவர்கள் நண்பர்களை அழைத்து விருந்து வைக்கிறார்கள். மாடியிலே கரி அடுப்பு. கம்பியிலே கோத்த கோழி, மசாலா பூசிய வஞ்சிரத் துண்டு, குடைமிளகாய், அன்னாசி. அடுப்பின் முன் நிற்கிறார் கணவர்: கையிலே இடுக்கி, இடுப்பிலே துண்டு, நெற்றியிலே வியர்வை, முகத்திலே வெற்றி! கொழுப்பு சொட்டித் தணல் சீறுகிறது. கைப்பேசிகள் படம் பிடிக்கின்றன. "அடடா! என்ன பக்குவம், என்ன மணம்! இப்படிப்பட்ட கணவன் கிடைக்க உன் மனைவி கொடுத்து வைத்தவள்!" என்று பாராட்டு மழை பொழிகிறது.

கொடுத்து வைத்தவள்! எதைக் கொடுத்தாள், எங்கே வைத்தாள் என்று கணக்குப் பார்ப்போமா?

முதல்நாள் இரவே கோழியைக் கழுவி மஞ்சள் தடவியவர் யார்? இஞ்சியைச் சுரண்டி, பூண்டை உரித்து, விழுதாக அரைத்தவர் யார்? தயிரும் மிளகாய்த்தூளும் எலுமிச்சைச் சாறும் அளவறிந்து கலந்து ஊறவைத்தவர் யார்? வெங்காயம் அரிந்தவர், புதினாச் சட்னி அரைத்தவர், பத்துப் பேருக்குத் தட்டுகளை எண்ணி எடுத்தவர் யார்? விருந்து முடிந்து, நண்பர்கள் ஏப்பம் விட்டுப் படியிறங்கியபின், கரி பிடித்த கம்பித்தட்டை இரும்பு நாரால் தேய்த்து நகம் கறுத்தவர் யார்? அவள்! அவர் செய்தது என்ன? திருப்பினார். இந்தப் பக்கம் வெந்ததை அந்தப் பக்கம் திருப்பினார். அரைமணி நேரம் கரியைத் தொட்டவர் கறி சமைத்தவர் ஆனார்; அரைநாள் உழைத்தவளோ, "அவருக்கு ஒத்தாசை செய்தாள்" என்ற அளவிலே நின்றாள்.

சுட்டுத் தின்பது குற்றம் என்று சொல்ல வரவில்லை. சுட்ட இறைச்சி இன்று நேற்று வந்த நாகரிகமும் அன்று. பொருநராற்றுப்படையைப் புரட்டுங்கள், கரிகாலன் அளித்த விருந்திலே கம்பியிற் கோத்துச் சுட்ட கொழுத்த இறைச்சி பொருநரின் வாயை வேகவைக்கக் காணலாம். தணலிலே வாட்டிய மீனின் சுவையை மறுப்பார் உண்டோ! இளம் இணையர் தம் வீட்டிலே புதுப்புதுப் பண்டங்களை ஆக்கிப் பார்ப்பதும், ஒன்று கருகினால் சிரித்துவிட்டு மற்றொன்றை முயல்வதும், வாழ்வின் இனிய பக்கங்கள். அந்த இன்பத்தின் மீது எமக்குப் பகை இல்லை. எமது வழக்கு வேறு. புகழ் வரும் அடுப்பு ஆணுக்கு, புகை வரும் அடுப்பு பெண்ணுக்கு என்று பங்கு பிரித்தவன் எவன்? இதுதான் கேள்வி.

ஞாயிறு போய்த் திங்கள் வருகிறது. காலை 6 மணி. இருவரும் 9 மணிக்கு அலுவலகத்தில் இருக்கவேண்டும். இருவருக்கும் ஒரே பேருந்து நெரிசல், ஒரே மேலதிகாரியின் முகச் சுளிப்பு, ஒரே களைப்பு. ஆனால் இட்லித் தட்டுக்கு எண்ணெய் தடவும் கை ஒன்றுதான். சோற்றுக்கு அரிசி களையும் கை அதுவேதான். மதிய உணவை அடுக்கில் அடைக்கும் கையும், மாலை வந்ததும் பால் காய்ச்சும் கையும், இரவு "நாளைக்கு என்ன குழம்பு?" என்று எண்ணிப் புளியை ஊறவைக்கும் கையும் அதே கைதான். நேற்றைய நளன் எங்கே? நாற்காலியிலே இருக்கிறார். நேற்றுச் சுட்ட கோழியின் படத்தை எத்தனை பேர் விரும்பினர் என்று எண்ணிக்கொண்டிருக்கிறார்!

மிகைப்படுத்துகிறோம் என்று முணுமுணுப்போர் அரசாங்கக் கணக்கையே பார்க்கட்டும். ஒன்றிய அரசின் தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு ஒன்றை நடத்திற்று. இந்தியாவிலே, ஊதியமற்ற வீட்டு வேலையில் ஒரு நாளில் ஈடுபடும் பெண்கள் நூற்றுக்கு 81; ஆண்கள் நூற்றுக்கு 26. அவ்வாறு ஈடுபடும் பெண் நாளொன்றுக்குச் சராசரியாகச் செலவிடுவது 299 நிமிடம். ஆண் செலவிடுவது 97 நிமிடம். 2024ஆம் ஆண்டு மீண்டும் கணக்கெடுத்தனர். பெண்ணுக்கு 289 நிமிடம் ஆயிற்று. பத்து நிமிடம் குறைந்ததே என்று பறை கொட்ட எழுந்திடாதீர்! ஆணுக்கும் 88 நிமிடமாகக் குறைந்துவிட்டது. முன்பு இருவருக்கும் இடையே இருந்த வேறுபாடு 202 நிமிடம். பின்பு 201 நிமிடம். ஐந்தாண்டில் ஒரே ஒரு நிமிடம்! இந்த வேகத்திலே சமத்துவம் நடந்து வந்தால், நம் வீட்டு வாயிலை அடைய ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு ஆகும். அதுவரை சோறு பொங்கிக்கொண்டே காத்திருக்கட்டுமா நம் தோழியர்?

"சமையல் பெண்ணின் இயல்பு, ஐயா! ஆணுக்கு அது வராது" என்கிறார் ஒருவர். வராதா? திருமண மண்டபத்துக் கோட்டை அடுப்பின் முன்னே ஆளுயரக் கரண்டி பிடித்து நிற்பவர் யார்? ஆண். கோயில் மடைப்பள்ளியிலே பொங்கலும் புளியோதரையும் ஆக்குபவர் யார்? ஆண். பரோட்டாவை வீசி விசிறும் மாஸ்டர் யார்? ஆண். பிரியாணி அண்டாவுக்குத் தம் போடுபவர் யார்? ஆண். கூலி கிடைக்குமிடத்தில் ஆணுக்குக் கை வருகிறது. புகழ் கிடைக்குமிடத்தில் கை வருகிறது. சாமிக்கு என்றால் கூடக் கை வருகிறது. கூலியும் இல்லை, புகழும் இல்லை, கைதட்டலும் இல்லை என்ற ஒரே இடத்திலே, தன் சொந்த வீட்டு அடுக்களையிலே மட்டும், கை வராமற் போகிறது! இது இயல்பா, இலாபக் கணக்கா? கோயிலிலே ஆண் சமைத்தால் திருப்பணி. வீட்டிலே ஆண் சமைத்தால் "பெண்டாட்டிதாசன்"! இந்த இரட்டை நாக்கைப் படைத்தது இயற்கை அன்று, வழக்கம்.

வழக்கத்துக்கு இலக்கியமும் சாமரம் வீசியிருக்கிறது. குறுந்தொகையின் 167ஆம் பாட்டு, கூடலூர் கிழார் பாடியது. புதுமணப்பெண் தயிரைப் பிசைந்த விரலை உடுத்த துணியிலேயே துடைத்துக்கொள்கிறாள். தாளிக்கும் புகை அவள் மைதீட்டிய கண்ணை நிறைக்கிறது. கணவன் உண்கிறான், இனிது என்கிறான், அவள் முகம் நுட்பமாக மலர்கிறது. அழகிய பாட்டு. அந்த அழகை மறுக்கும் முரடர் அல்லோம். ஆயின் ஈராயிரம் ஆண்டாக வகுப்பறைகளிலும் மேடைகளிலும் அந்த முக மலர்ச்சியை வியந்தோமே, அந்தக் கண்ணில் புகுந்த புகையைப் பற்றி எவரேனும் ஒரு சொல் சொன்னோமா? "இனிது" என்ற ஒற்றைச் சொல்லைக் கூலியாகக் கொடுத்துவிட்டு, காலமெல்லாம் வேலை வாங்கலாம் என்று பாடம் படித்தோம். புலவர் அன்பைப் பாடினார். நாம் அதிலே உரிமைச் சாசனம் எழுதிக்கொண்டோம்.

இஃது எங்கும் உள்ளதுதானே என்பார்க்கும் விடை உண்டு. அமெரிக்காவிலே 1952ஆம் ஆண்டு, சிகாகோ வட்டாரத்தில் உலோக வேலை செய்துவந்த ஜார்ஜ் ஸ்டீபன் என்பார், கடல் மிதவைக்குரிய உலோக உருண்டையை இரு பாதியாக்கி, கால் வைத்து, மூடி போட்டு, கரி அடுப்பு ஒன்றை ஆக்கினார். அதுவே வெபர் என்னும் பெயரோடு ஊரூராகப் பரவிற்று. புறநகர் வீடுகளின் பின்கட்டிலே அந்நாட்டு ஆடவர் இறைச்சி சுட்டு மகிழ்ந்தனர். அங்கும் அதே கதை! வெளியே எரியும் அடுப்பு அப்பாவுக்கு. வீட்டுக்குள் எரியும் அடுப்பு அம்மாவுக்கு. இன்று நம் நகரத்துக் கடைகளிலும் அத்தகைய அடுப்புகள் விற்கின்றன. அடுப்பை இறக்குமதி செய்தவர்கள் அந்த அநீதியையும் கூடவே கட்டிக்கொண்டு வரத்தான் வேண்டுமா? நம்மிடம் உள்ள இருப்பே போதாதா?

இறக்குமதி செய்ய வேறொரு சரக்கு உண்டு. ஐஸ்லாந்து என்னும் சிறு நாடு. 1975ஆம் ஆண்டு அக்டோபர் 24ஆம் நாள், அந்நாட்டுப் பெண்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் ஒரு நாள் வேலையை நிறுத்தினர். அலுவலக வேலையை மட்டுமா? அடுப்படி வேலையையும், பிள்ளை பார்க்கும் வேலையையும் சேர்த்து நிறுத்தினர். தந்தையர் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு அலுவலகம் போனார்கள். எளிதிலே வெந்துவிடும் சாசேஜ் கடைகளில் தீர்ந்துபோயிற்று! ஒரே நாள் தோழர்களே, ஒரே நாள்! நாடு நின்றது; ஆண்கள் விழித்தனர். அடுத்த ஆண்டே ஆண் பெண் சமத்துவத்துக்குச் சட்டம் வந்தது. 1980இல் விக்டிஸ் என்ற பெண்மணியை அம்மக்கள் குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுத்தனர். அடுப்பு அணைந்த ஒரு நாள், அறிவு கொளுத்திய நாளாயிற்று.

"இயந்திரம் வந்துவிட்டதே, இன்னுமென்ன சுமை?" என்பது அடுத்த வாதம். வந்தது, மறுக்கவில்லை. ஆட்டுக்கல்லின் முன்னே தோள் இற்றுப்போன நம் அன்னையருக்கு, கோவையிலே 1950களில் பிறந்த கிரைண்டர் பெருந்துணை. 2007ஆம் ஆண்டு தமிழக அரசு இலவச எரிவாயு அடுப்பு தரத் தொடங்கிற்று. 2011இல் விலையில்லா மிக்சியும் கிரைண்டரும் தரத் தொடங்கிற்று. ஏழைப் பெண்ணின் கண்ணீரைத் துடைத்த திட்டங்கள் இவை. ஆயின் இயந்திரம் வேலையைக் குறைக்கும். வேலை எவருடையது என்பதை மாற்றாது. ரூத் சுவார்ட்ஸ் கோவன் என்னும் அமெரிக்க வரலாற்றாசிரியை 1983ஆம் ஆண்டு வெளியிட்ட நூலிலே இதை ஆய்ந்து காட்டினார். விறகு பிளப்பது ஆணின் வேலையாக இருந்தது. இயந்திர அடுப்பு வந்ததும் அது ஒழிந்தது. சமைப்பது பெண்ணின் வேலையாக இருந்தது, அது ஒழியவில்லை. அதுமட்டுமா, எதிர்பார்ப்பு வளர்ந்தது! நம் வீட்டுக் கதையும் அதுதான். மாவரைக்கக் கல் இல்லை, கிரைண்டர் உண்டு; ஆகவே இட்லிக்கு ஒரு சட்னி போதாது, மூன்று வேண்டும் என்கிறது நாக்கு! நாக்கு எவருடையது? கை எவருடையது?

"நான் உதவி செய்கிறேனே!" என்று மார்தட்டும் முற்போக்குக் கணவரும் உண்டு. உதவி! எத்துணைப் பணிவான சொல், எத்துணை ஆணவமான பொருள்! பிறர் வேலையைச் செய்தால் அது உதவி. தன் வயிற்றுக்கான சோற்றைத் தான் ஆக்குவது எப்படி உதவியாகும்? நம் தட்டை நாம் கழுவுவது எவருக்குச் செய்த உபகாரம்? உதவி என்று சொல்லும்போதே, "இது உன் கடமை, நான் கருணை காட்டுகிறேன்" என்று முத்திரை குத்திவிடுகிறோம். "என்ன செய்யவேண்டும் என்று சொல், செய்கிறேன்" என்பதும் அந்த வகைதான். பருப்பு தீர்ந்ததா, எரிவாயு உருளை பதிந்தாயிற்றா, மாவு புளித்துவிட்டதா என்று எண்ணிக்கொண்டே இருப்பது ஒரு வேலை. கண்ணுக்குத் தெரியாத வேலை. ஓய்வே இல்லாத வேலை. அலுவலகத்திலே அதற்கு மேலாளர் என்று பெயர், தனிச் சம்பளம்! வீட்டிலே அதற்குப் பெயருமில்லை.

"அம்மாவின் கைமணம்" என்று உருகுவோர்க்கு ஒரு சொல். அந்த மணம் கையிலே பிறக்கவில்லை. நாற்பது ஆண்டுப் பயிற்சியிலே பிறந்தது. நாற்பது ஆண்டு நீங்களும் நின்று பாருங்கள், உங்கள் கையும் மணக்கும். அன்னையின் அன்புக்குச் சிலை வைப்பதை விட, அவள் நிற்கும் இடத்திலே ஒரு வேளை நின்று, அவளை உட்காரச் சொல்லிப் பரிமாறுங்கள். அதுவே நன்றி.

இனி, நம் சொந்த முகத்தைக் கண்ணாடியிலே பார்ப்போம். இந்த ஏட்டைப் படிப்பவர்கள் பெண்ணுரிமை பேசுபவர்கள். "பெண் ஏன் அடிமையானாள்?" என்ற நூலை அலமாரியிலே வைத்திருப்பவர்கள். சடங்கை ஒழித்து, புரோகிதரை விலக்கி, மாலை மாற்றி மணந்தவர்கள். அந்தத் திருமணத்துக்கு 1967ஆம் ஆண்டு சட்டம் தேடித்தந்த வெற்றியைக் கொண்டாடுபவர்கள். "வாழ்க்கைத் துணைவர்களாக வாழ்வோம்" என்று மேடையிலே உறுதி கூறியவர்கள். கேட்கிறோம்: அந்த உறுதி மண்டபத்தோடு முடிந்ததா, சமையற்கட்டு வரை வந்ததா? தாலியைக் கழற்றிய கையிலே கரண்டியை மட்டும் நிலையாகக் கட்டிவிட்டால், விலங்கு மாறியதேயன்றி விடுதலை வந்ததா? கூட்டத்திலே பெண் விடுதலை முழங்கிவிட்டு, நள்ளிரவு வீடு திரும்பி, "தோசை ஊற்று" என்று உறங்குபவளை எழுப்பும் தோழனே, உன் முழக்கம் கேட்டுக் கைதட்டியவர் ஆயிரம் பேர். அது பொய் என்று அறிந்தவள் ஒருத்தி. அந்த ஒருத்தியின் தீர்ப்புக்கு அஞ்சு!

என்ன செய்யலாம்? மலையைப் பெயர்க்கச் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை கரி மூட்டும் அந்தக் கையை, அந்த ஆர்வத்தை, திங்களுக்கும் செவ்வாய்க்கும் கொண்டுவரச் சொல்கிறோம். தணல் எப்போது பதம் என்று அறிந்திருக்கிறாயே. கரியின் மேல் சாம்பல் பூக்கும்வரை பொறுக்கவேண்டும், சுடர் அடங்கியபின் கோழியை வைக்கவேண்டும், எலும்போரம் சிவப்பு மாறும்வரை எடுக்கக் கூடாது என்றெல்லாம் கற்றாயே! அதைக் கற்ற அறிவுக்கு, நான்கு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து என்பது கடினமா? துவரம் பருப்புக்குக் குக்கர் எத்தனை முறை கூவவேண்டும் என்பது வேதாந்தமா? ரசம் நுரை கட்டும்போது இறக்கவேண்டும், கொதிக்கவிடக் கூடாது என்பது பரம இரகசியமா? ஒரு வாரத்தில் கற்கலாம். ஒரு மாதத்தில் தேறலாம்.

வாரத்தைப் பாதியாகப் பிரியுங்கள். ஒருவர் சமைக்கும் நாளில் மற்றவர் பாத்திரம் துலக்கட்டும். காய் வாங்குவதும், கணக்கு வைப்பதும், "நாளைக்கு என்ன?" என்று எண்ணுவதும் முறை மாறட்டும். உன் முறை வரும் நாளில் அவளிடம் கேள்வி கேட்டு நிற்காதே. அவள் அந்த நாளை மறந்திருக்கும் உரிமை பெறட்டும். குழம்பு உப்புக் கூடினால் கூடட்டும். உண்டு, சிரித்து, மறுநாள் திருத்துவோம். ஞாயிற்றுக் கரி அடுப்பும் இருக்கட்டும். ஆனால் இடுக்கி அவள் கைக்கும் போகட்டும். கரி பிடித்த கம்பித்தட்டு உன் கைக்கும் வரட்டும். அப்போதுதான் அது இருவர் கூடிச் செய்யும் விளையாட்டு. அதுவரை அது ஒருவர் ஆட, ஒருவர் மேடை கூட்டும் நாடகம்.

தோழியரே, உமக்கும் ஒரு சொல். "அவர் சமைத்தால் அடுக்களையே அலங்கோலம், நானே செய்துவிடுகிறேன்" என்று கரண்டியைப் பிடுங்காதீர். அடுக்களை உமது அரசு என்று சொல்லி உம்மை ஏமாற்றியிருக்கிறார்கள். வெளியே போக விடுமுறை இல்லாத அரசு, சம்பளம் இல்லாத அரசு, அரசி கடைசியில் உண்ணும் அரசு உலகில் எங்கேனும் உண்டா? அந்த முடியைத் துறப்பதால் உமக்கு நட்டம் ஏதுமில்லை. மகனைப் பெற்றவர்கள் மகளுக்கு முன்பே அவனுக்கு அரிசி களையக் கற்றுக்கொடுங்கள். ஆயிரம் மேடைப் பேச்சு செய்யாததை அந்த ஒரு பாடம் செய்யும்.

ஒரு வீட்டின் முற்போக்கை அறிய, வரவேற்பறையின் படங்களைப் பார்க்கத் தேவையில்லை. அலமாரியின் நூல்களைப் புரட்டத் தேவையில்லை. புதன்கிழமை இரவு எட்டு மணிக்கு, விருந்தினர் எவரும் இல்லாத நேரத்தில், படம் பிடிக்க எவரும் இல்லாத நேரத்தில், கழுவு தொட்டியின் முன்னே நிற்பது யார் என்று பாருங்கள். அங்கே தெரியும் அந்த வீட்டின் கொள்கை.

வரும் திங்கட்கிழமை காலை 6 மணிக்கு உங்கள் வீட்டு அடுப்பு பற்றவேண்டும். பற்றவைக்கும் கை எவருடையது, தோழனே?